இயல் 7: இரண்டு மணி நேரம், பத்து மதிப்பெண்

எழுத்து ஆட்டங்களில் மதிப்பெண் போடும் வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவை ஆட்டங்களேதான். வில் க்ரௌதர் என்ற நிரலாளர், கென்டக்கியின் மாமத் குகைகளில் தாம் ஏறி இறங்கித் திரிந்த அனுபவத்தை வைத்து, 1970களின் நடுவில் பிடிபி-10 கணினியில் 'அட்வென்ச்சர்' என்ற ஆட்டத்தை எழுதினார். 1977இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்த டான் வுட்ஸ் அதை வாங்கிப் பெரிதாக்கினார். வுட்ஸின் வடிவத்தில் மொத்தம் 350 புள்ளிகள். குகைக்குள் கிடக்கும் ஒரு பத்திரிகையை எடுத்துப்போய் வெளியேறவே கடினமான ஒரு மூலையில் போட்டால் அதில் ஒரே ஒரு புள்ளி கூடும். அந்த ஒன்று கிடைக்காமல் 349இல் நின்றுபோய்த் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. பின்னால் வந்த 'ஸோர்க்' ஆட்டத்தின் முதல் பாகமும் 350 புள்ளிகள் வைத்தது. கூடவே ஆடுகிறவருக்குக் கற்றுக்குட்டி முதல் மகாவீரர் வரை பட்டமும் கொடுத்தது. ஆட்டம் வாத்தியார், ஆடுகிறவர் மாணவர் என்பதுதான் அந்தக் காலத்து ஏற்பாடு.

1995இல் இது தலைகீழானது. அந்த ஆண்டு இன்டராக்டிவ் ஃபிக்‌ஷன் போட்டி தொடங்கியது. ஐஎஃப்காம்ப் என்றே எல்லோரும் சொல்வார்கள். முதல் ஆண்டில் 12 ஆட்டங்கள் வந்தன, 2020இல் 103. இதில் நடுவர் குழு என்று தனியாக ஒன்று கிடையாது. பதிவு செய்துகொள்ளும் எவரும் நடுவர்தான். இந்த இயல் அப்படி நடுவராகப் போகிறவருக்கானது. போட்டியே வேண்டாம், ஆடி முடித்த ஆட்டத்தைப் பற்றி நாலு பேருக்கு உருப்படியாகச் சொல்லத் தெரிந்தால் போதும் என்பவருக்கும் இதே முறைதான் பயன்படும்.

விதிகள்

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 1 முதல் 10 வரை ஒரு முழு எண். அதிகபட்சம் இரண்டு மணி நேரம் ஆடியபின் எண்ணைப் போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகும் தொடர்ந்து ஆடலாம். எண்ணை மட்டும் மாற்றக் கூடாது. குறைந்தது ஐந்து ஆட்டங்களுக்காவது எண் போட்டால்தான் உங்கள் வாக்குகள் கணக்கில் சேரும். நீங்கள் எழுதிய ஆட்டத்துக்கோ, வெளிவருமுன் சோதித்துக் கொடுத்த ஆட்டத்துக்கோ வாக்களிக்க முடியாது. அவ்வளவுதான்.

இரண்டு மணி நேர விதியைப் பலர் வெறும் வசதிக்காக என்று நினைக்கிறார்கள். இந்தக் கலையின் உருவத்தையே அது மாற்றியிருக்கிறது. இன்ஃபோகாம் நிறுவனம் 1980களில் விற்ற ஆட்டங்கள் வாரக்கணக்கில் ஆடப்பட வேண்டியவை. காசு கொடுத்து வாங்கியவருக்கு அத்தனை நாள் பொழுது போக வேண்டும் அல்லவா. போட்டி வந்தபின் ஒரு மாலையில் தொடங்கி முடிக்கக்கூடிய குறுங்கதை அளவு ஆட்டங்கள் பெருகின. மைக்கேல் ஜென்ட்ரியின் 'ஆங்கர்ஹெட்' (1998), எமிலி ஷார்ட்டின் 'கவுன்டர்ஃபீட் மங்கி' (2012) போன்ற நீண்ட ஆட்டங்கள் போட்டிக்கு வெளியேதான் வந்தன. ஆகவே போட்டியில் ஒரு பத்து மணி நேர ஆட்டம் உங்கள் கைக்கு வந்தால், மீதி எட்டு மணி நேரம் எவ்வளவு அருமையாக இருக்கும் என்று ஊகித்து மதிப்பெண் கூட்ட வேண்டாம். விதி ஆசிரியருக்கும் தெரியும். நீங்கள் பார்த்த இரண்டு மணி நேரத்துக்கு என்ன தகுமோ அதைக் கொடுங்கள்.

ஆட்டங்களை எந்த வரிசையில் ஆடுவது? போட்டியின் தளமே ஒவ்வொரு நடுவருக்கும் ஒரு தனி வரிசையைக் குலுக்கிப் போட்டுக் கொடுக்கும். அகரவரிசையில் முன்னால் நிற்பவற்றுக்கே வாக்குகள் குவிந்துவிடாமல் இருக்க இது உதவும். உங்களுக்கு வந்த வரிசையை மதியுங்கள். தலைப்பையும் அட்டைப்படத்தையும் பார்த்துப் பொறுக்கினால், ஏற்கெனவே உங்களுக்குப் பிடித்த மாதிரியான ஐந்து ஆட்டங்களைத்தான் ஆடுவீர்கள்.

முதல் பத்து நிமிடம்

'அபௌட்' என்று தட்டச்சிடுவதிலிருந்து தொடங்குங்கள். ஆசிரியர் ஏதாவது முன்கூட்டியே சொல்ல விரும்பினால் அங்கேதான் சொல்லியிருப்பார்: வழக்கத்தில் இல்லாத கட்டளைகள், குறிப்பு உண்டா இல்லையா, செத்துப்போனால் என்ன ஆகும். அடுத்து உரைப்பதிவைத் திறந்துவிடுங்கள். பெரும்பாலான பார்சர் ஆட்டங்களில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சிட்டு ஆடும் ஆட்டங்களில், 'ஸ்க்ரிப்ட்' அல்லது 'ட்ரான்ஸ்கிரிப்ட்' என்றால் நீங்கள் அடித்ததும் ஆட்டம் சொன்னதும் அப்படியே ஒரு கோப்பில் சேரும். நடுவில் ஏதாவது தோன்றினால் ஒரு நட்சத்திரக் குறி போட்டு அதன்பின் எழுதுங்கள். பல ஆட்டங்கள் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடும். கோப்பில் மட்டும் உங்கள் குறிப்பு இருக்கும். சோதனை ஆட்டக்காரர்கள் காலகாலமாகச் செய்வது இது. இரண்டு மணி நேரம் கழித்து மனதில் மிஞ்சுவது கடைசிக் காட்சியும் ஒரு பொதுவான எரிச்சலோ மகிழ்ச்சியோதான். எதனால் எரிச்சல் என்பது கோப்பில் இருக்கும்.

புதிதாக வருபவருக்குக் கட்டளைகள் ஒரு டஜன் தெரிந்தால் போதும். திசைகளுக்கு ஒற்றை எழுத்து: வடக்குக்கு 'என்', தெற்குக்கு 'எஸ்', கிழக்குக்கு 'ஈ', மேற்குக்கு 'டபிள்யூ'. சுற்றிப் பார்க்க 'எல்'. ஒரு பொருளை உற்றுப் பார்க்க 'எக்ஸ்' என்று அடித்துப் பொருளின் பெயர். கையில் இருப்பதைப் பார்க்க 'ஐ'. ஒரு கணம் காத்திருக்க 'இசட்'. செய்ததைத் திரும்பச் செய்ய 'ஜி'. செய்ததை இல்லையென்றாக்க 'அன்டூ'. ஆட்டத்தைச் சேமிக்க 'சேவ்', மீட்க 'ரீஸ்டோர்'. மற்றபடி வினைச்சொல்லும் பொருளின் பெயரும் கொண்ட சிறிய ஆங்கில வாக்கியங்கள்.

வரைபடம் கட்டாயம். ஒரு தாளில் பெட்டி பெட்டியாகப் போட்டுக் கோடு இழுத்தால் போதும். வடக்கே போனபின் தெற்கே வந்தால் பழைய இடத்துக்கே திரும்புவோம் என்று நம்பிவிட வேண்டாம். பழைய ஆட்டங்கள் இந்த நம்பிக்கையைக் கெடுப்பதிலேயே குறியாக இருந்தன. அட்வென்ச்சரின் புதிர்வழியில் எல்லா அறைகளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அதற்குள் நுழைந்தவர்கள் அறைக்கு ஒரு பொருளாகக் கீழே போட்டு அடையாளம் வைத்துத்தான் மீண்டார்கள். இப்போது யாராவது அப்படிப் புதிர்வழி வைத்தால் மதிப்பெண்ணைக் குறைக்க எனக்குக் கை தயங்காது. புதிய திருப்பம் ஏதாவது இருந்தால் ஒழிய.

தட்டிப் பார்ப்பது

ஒரு பார்சர் ஆட்டத்தின் தரத்தைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும் சோதனை ஒன்று உண்டு. அறை விவரணையில் வரும் பெயர்ச்சொல் ஒவ்வொன்றையும் 'எக்ஸ்' போட்டுப் பாருங்கள். மேசை, திரைச்சீலை, சுவரில் தொங்கும் படம். விவரணையிலேயே மேசையைச் சொல்லிவிட்டு, மேசையைப் பார்க்கச் சொன்னால் அப்படி ஒன்று இங்கே இல்லை என்று ஆட்டம் சாதிக்குமானால், ஆசிரியர் தம் ஆட்டத்தை இன்னொருவரிடம் கொடுத்துச் சோதிக்கவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஓரிரு இடத்தில் என்றால் மன்னிக்கலாம். மூன்றாவது அறையிலும் அதே கதை என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

எதிர்முனைக்கு உதாரணம் 2007ஆம் ஆண்டு முதல் பரிசு பெற்ற 'லாஸ்ட் பிக்'. க்ரங்க் என்ற ஓர்க், தொலைந்துபோன பன்றியைத் தேடிப் போகிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் ஆட்டம் பேசுவதெல்லாம் க்ரங்கின் கொச்சை மொழியில். நீங்கள் எந்த அசட்டுக் காரியத்தைச் செய்யச் சொன்னாலும் அதற்கென்று ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். மற்ற ஆட்டங்களில் பிழைச் செய்தியாக வரும் வரிகள்கூட இங்கே நகைச்சுவையாக வருகின்றன. நான் யாருக்காவது எழுத்து ஆட்டத்தை முதன்முறையாக அறிமுகப்படுத்தும்போது இதைத்தான் கொடுப்பேன். அதற்கும் முன்னால் பத்து நிமிடத்தில் முடிகிற ஒன்று வேண்டுமென்றால் ஆடம் காட்ரேயின் '9:05'. அதை இரண்டு முறை ஆட வேண்டும். ஏனென்று சொன்னால் ஆட்டம் கெட்டுவிடும்.

சரியான வினைச்சொல் கிடைக்காமல் திண்டாடுவது இந்த வகைக்கே உரிய வியாதி. என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எந்தச் சொல்லால் செய்ய வேண்டும் என்றுதான் தெரியாது. நம்மில் பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. ஆகவே இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. கதவில் தாழ்ப்பாள் இருக்கிறது, திறக்க முடியவில்லை, அகராதியைப் பார்த்தபின்தான் அந்தத் தாழ்ப்பாள் எந்த வகை, அதைத் தூக்க வேண்டுமா நகர்த்த வேண்டுமா என்பது விளங்குகிறது என்றால், அது ஆட்டத்தின் குற்றமாகாது. சாதாரணமாக வழங்கும் மூன்று நான்கு சொற்களை முயன்றும் ஆட்டம் எதையும் ஏற்கவில்லை, கடைசியில் அது எதிர்பார்த்தது யாருக்கும் தோன்றாத ஒரு சொல் என்றால் குற்றம் ஆட்டத்துடையதுதான். உரைப்பதிவைத் திரும்பப் படித்தால் எது எது என்று பிரித்துவிடலாம். நம் ஆங்கிலம் போதாதோ என்ற கூச்சத்தில் ஆட்டத்துக்கு மதிப்பெண் கூட்டிப் போடுவதும் அநியாயம்தான். அதை ஆடப் போகிறவர்களில் நம்மைப் போன்றவர்களும் இருக்கிறார்கள்.

புதிர் நியாயமா?

1984இல் டக்ளஸ் ஆடம்ஸும் ஸ்டீவ் மெரெட்ஸ்கியும் சேர்ந்து இன்ஃபோகாமுக்காக எழுதிய 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு த கேலக்ஸி' சிரிக்கச் சிரிக்க வைக்கும் ஆட்டம். அதில் தொடக்கத்திலேயே உங்கள் வீட்டு வாசலில் விளம்பரக் கடிதக் கட்டு ஒன்று கிடக்கும். அதை எடுக்காமல் போனால், விண்வெளிக் கப்பலுக்குள் பேபல் மீனைப் பிடிக்கும் புதிரில் மாட்டிக்கொள்வீர்கள்; அதற்குள் வீடும் போயிருக்கும், பூமியும் போயிருக்கும். இன்னொன்று: ஆரம்பத்தில் வழியில் ஒரு நாய் வரும். அதற்கு சான்ட்விச் போடாமல் விட்டால், வெகுநேரம் கழித்து வேறொரு காட்சியில் அந்த நாய் வந்து உங்கள் கதையை முடிக்கும். எதனால் தோற்றோம் என்று அப்போது கண்டுபிடிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

அந்த நாளில் இது வியாபாரமும்கூட. இன்ஃபோகாம் 'இன்விசிக்ளூஸ்' என்ற குறிப்புப் புத்தகங்களைத் தனியாக விற்றது. விடைகள் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சாகியிருக்கும். கூட வரும் பேனாவால் தேய்த்தால் ஒவ்வொரு குறிப்பாக வெளிப்படும்.

இந்தக் கொடுமையை அளக்க எழுத்து ஆட்ட ஆசிரியர் ஆண்ட்ரூ ப்ளாட்கின் 1990களில் ஐந்து படி கொண்ட ஓர் அளவுகோல் வகுத்தார். இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. முதல் படி கருணை: எந்தச் சூழ்நிலையிலும் மீள வழியில்லாமல் மாட்டமாட்டீர்கள். இரண்டாவது மரியாதை: மாட்டினாலோ செத்தாலோ உடனே தெரிந்துவிடும், ஒரு 'அன்டூ' போதும். மூன்றாவது கடினம்: திரும்ப முடியாத காரியத்தைச் செய்யப் போகிறோம் என்பது செய்வதற்கு முன்பே புரியும். நான்காவது குசும்பு: செய்தபின்தான் புரியும். ஐந்தாவது கொடூரம்: செய்த பிறகும் புரியாது. சான்ட்விச் சமாச்சாரம் சந்தேகமில்லாமல் ஐந்தாவது. கொடூரமான ஆட்டம் மோசமான ஆட்டம் என்று ப்ளாட்கின் சொல்லவில்லை. முன்கூட்டியே தெரிந்துகொண்டு அதற்கேற்பச் சேமித்துக்கொள்ளத்தான் அளவுகோல். ஆனால் இரண்டு மணி நேரப் போட்டியில் கொடூரத்துக்கு இடமில்லை என்பது என் கட்சி. ஒன்றரை மணி நேரம் ஆடியபின் முதலிலிருந்து தொடங்கு என்று சொல்லும் ஆட்டத்தை நான் 5க்கு மேல் ஏற்றுவதில்லை.

மாட்டிக்கொண்டால் எப்போது குறிப்பைப் பார்ப்பது? கால் மணி நேரம் முயன்று ஓர் அங்குலமும் நகரவில்லை என்றால் பார்த்துவிடுங்கள். வீம்பு பிடித்தால் ஒரே அறையைப் பற்றித்தான் உங்களால் தீர்ப்புச் சொல்ல முடியும். விடையைப் பார்த்ததும் முதலில் என்ன தோன்றியது என்பதை நட்சத்திரம் போட்டு எழுதுங்கள். 'அட, இது எனக்குத் தோன்றவில்லையே' என்றால் புதிர் நல்ல புதிர். 'இது எனக்கு எப்படித் தோன்றும்?' என்றால் இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை வைத்தே முக்கால்வாசிப் புதிர்களை எடை போட்டுவிடலாம்.

கட்டளை இல்லாத ஆட்டங்கள்

2009இல் க்ரிஸ் க்ளிமாஸ் 'ட்வைன்' என்ற கருவியை வெளியிட்டபின், நிரல் தெரியாத எழுத்தாளர்களும் உள்ளே வந்தார்கள். இவ்வகை ஆட்டத்தில் நீங்கள் எதையும் தட்டச்சிட வேண்டாம். சொற்களைச் சொடுக்கிக்கொண்டே போகலாம். பழைய ஆள்கள் சிலர் இதை ஆட்டமென்றே ஒப்புக்கொள்ளாமல் 1 போட்டுத் தள்ளியதுண்டு. அது நடுவர் வேலை ஆகாது. போட்டி ஏற்றுக்கொண்ட வடிவம் எதுவானாலும், நல்லெண்ணத்தோடு ஆடிப் பார்ப்பது உங்கள் கடமை.

இவற்றை ஆடும்போது வேறொன்றைக் கவனியுங்கள். உங்கள் தேர்வுக்குப் பலன் இருக்கிறதா? ஒருமுறை முடித்துவிட்டு, வேண்டுமென்றே எதிரான தேர்வுகளைச் செய்து இன்னொருமுறை ஓடுங்கள். கதை மாறினால் சரி. மாறாவிட்டாலும் உடனே குறைக்க வேண்டாம். எதைத் தேர்ந்தாலும் தப்ப முடியாது என்பதே சில ஆட்டங்களின் கருப்பொருள். தேர்வு பொய்யானது என்பதை ஆட்டம் உங்களுக்கு உணர்த்த நினைக்கிறதா, உங்களிடமிருந்து மறைக்க நினைக்கிறதா என்று பாருங்கள். மறைக்க நினைத்தால் குறையுங்கள்.

எண்ணைப் போடுவது

எழுத்துக்கு மூன்று, புதிருக்கு மூன்று, நுணுக்கத்துக்கு இரண்டு, புதுமைக்கு இரண்டு என்று பங்கு பிரித்துக் கூட்டுகிற வழக்கம் பலரிடம் உண்டு. பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் இந்த அட்டவணையை ஆடம் காட்ரேயின் 'ஃபோட்டோப்பியா'மேல் வைத்துப் பாருங்கள். 1998இல் போட்டியில் வென்ற ஆட்டம். புதிர் என்று சொல்ல அதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அட்டவணைக்காரர் அதற்கு 7க்கு மேல் தர முடியாது. சாம் பார்லோவின் 'ஐல்' (1999) இன்னும் மோசமாக அடிபடும். பேரங்காடியில் நிற்கும் ஒரு மனிதன்; ஒரே ஒரு கட்டளை; அத்தோடு ஆட்டம் முடிந்து மறுபடி தொடங்கும். எதை அடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அவனுடைய வாழ்க்கையில் வேறொரு துண்டு வெளிப்படும். இதில் புதிருக்கு எங்கே மூன்று போடுவது?

ஆகவே எண்ணை இரண்டு கேள்விகளிலிருந்து எடுங்கள். இந்த ஆட்டம் என்ன செய்ய முயல்கிறது? அதைச் செய்ததா? எட்டாத உயரத்துக்குத் தாவித் தடுமாறிய ஆட்டத்துக்கும், சின்ன ஆசையைச் சுத்தமாக நிறைவேற்றிய ஆட்டத்துக்கும் ஒரே எண் வருவது இயல்புதான். என் கணக்கு இது. 5 என்றால் ஆடியதற்கு வருத்தமில்லை, பரிந்துரைக்கவும் மாட்டேன். 7 என்றால் இந்த வகையைப் பழகியவரிடம் சொல்வேன். 9 என்றால் எழுத்து ஆட்டமே தெரியாதவரையும் உட்காரவைத்து ஆடச் சொல்வேன். 3 என்றால் ஆட்டம் தன்னாலேயே கெட்டது: பிழைகள், சோதிக்காத அறைகள். 1ஐ, ஆடவே முடியாததற்கும் ஆடுகிறவரை ஏமாற்றவென்றே எழுதியதற்கும் வைத்திருக்கிறேன். இந்த ஏணி உங்களுக்குப் பிடிக்காவிட்டால் வேறொன்று போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் முதல் ஆட்டத்தைத் திறக்கும் முன்பே எழுதி வையுங்கள், ஐந்தாவது ஆட்டம் வரை மாற்றாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் 6, 7 என்று போடுவது மரியாதை போலத் தெரியும். உண்மையில் அது வாக்களிக்காமல் இருப்பதற்கு ஏறக்குறையச் சமம். வரிசையை முடிவு செய்வது சராசரி. எல்லா ஆட்டத்துக்கும் ஒரே எண் போட்டவரால் வரிசையில் பெரிதாக எதுவும் நகராது. முழு ஏணியையும் பயன்படுத்துங்கள். தாராளமாக 10 போட்டால் ஏதோ ஆகிவிடும் என்றும் அஞ்ச வேண்டாம். வென்ற ஆட்டங்களின் சராசரிகூட 10ஐ நெருங்கியதில்லை.

உங்கள் எண் மற்றவர்களிடமிருந்து வெகுதூரம் விலகியிருந்தால் கவலை வேண்டாம். நடுவர்களுக்குள் கருத்து மிக அதிகமாகப் பிளவுபட்ட ஆட்டத்துக்கென்றே இந்தப் போட்டியில் 'கோல்டன் பனானா' என்ற விருது உண்டு. பாதிப் பேர் 9, பாதிப் பேர் 2 என்று போட்ட ஆட்டம் அதைத் தட்டிச் செல்லும். எல்லோரும் 5 போட்ட ஆட்டத்தைவிட அதை ஆடிப் பார்ப்பதில் எனக்கு ஆர்வம் அதிகம்.

எண்ணோடு நிறுத்தாமல் பத்து வரி எழுதினால் ஆசிரியருக்கு உதவி. எங்கே மாட்டினீர்கள், எந்தக் கட்டளையை முயன்றீர்கள், எந்த இடத்தில் சிரித்தீர்கள் என்று உரைப்பதிவிலிருந்து அப்படியே எடுத்துக்காட்டுங்கள். விடையையும் முடிவையும் வெளிப்படுத்த வேண்டியிருந்தால் முன்கூட்டியே எச்சரிக்கை போட்டுவிட்டு எழுதுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் இதைக் காசுக்காக எழுதுவதில்லை. போட்டியில் பரிசுகள் உண்டுதான். ஆனால் வந்த ஆட்டங்களில் பெரும்பகுதிக்குக் கிடைப்பது நடுவர்களின் எண்களும் இந்த மாதிரியான குறிப்புகளும் மட்டும்தான்.

இனி ஆட வேண்டியதுதான். வாக்களிக்க ஒன்றரை மாதம்போல அவகாசம் உண்டு, கட்டணம் கிடையாது, பல ஆட்டங்கள் உலாவியிலேயே ஓடும். வாரத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் ஐந்தைத் தாண்டிவிடலாம். நான்கோடு நிறுத்திவிடாதீர்கள், அந்த நான்கும் எண்ணப்படாது.